மாடி ஒழுகுகிறது, மூன்று வருடம் முடியப் போகிறது: டர்பன் (தென்னாப்பிரிக்கா) வீட்டு ஒப்பந்தம் பற்றி உதவி வேண்டும்

மெரிபேங்க்_மலர் · திங்கள், ஜனவரி 12, 2026

எல்லாருக்கும் வணக்கம். கட்டட வேலை செய்கிறவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் எங்கள் பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப ஒரு காண்டிராக்டரிடம் கையெழுத்துப் போட்டோம். மூன்று பக்க ஒப்பந்தம். மொத்தம் 7,40,000 ராண்ட், ஜூலை 29க்குள் முடிக்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 600 ராண்ட் அபராதம், 5 சதவீதம் பிடித்தம் (குறை இருந்தால் சரிசெய்ய என்று நாங்கள் நிறுத்தி வைக்கும் பணம்). ஏப்ரலில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. தெருவில் பாதிப் பேர் தண்ணீர் இல்லாமல் வாளியோடு நின்ற நேரத்தில் யாரிடம் போய்த் தாமதத்தைக் கேட்பது, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. நவம்பர் 18 அன்று சாவியைக் கொடுத்தார், குடியேறினோம்.

2023 தைப்பூசத்துக்கு மறுவாரம், பிப்ரவரி 11, படுக்கையறைக் கூரையில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை வட்டம். தேதி ஏன் நினைவிருக்கிறது என்றால், காவடிக்கு வந்திருந்த என் தங்கை ஊர் திரும்பும் முன் அந்த அறையில் எடுத்த போட்டோவில் பின்னால் கறை தெரிகிறது. பிளம்பர் வந்து குளியலறைக் குழாய்தான் என்றார், 4,800 ராண்ட் கொடுத்து மாற்றினோம். கறை வளர்ந்துகொண்டே போனது. அக்டோபரில் ஒரு இன்ஜினியர் வந்து பால்கனி ஓரத்து ஓடுகள் நான்கைப் பெயர்த்துக் காட்டினார். தண்ணீர் இறங்காமல் இருக்கச் சூடாக்கி ஒட்டுகிற டார்ச்-ஆன் ஷீட் கைப்பிடிச் சுவர் அடியோடு நின்றுவிட்டது, சுவரில் ஏற்றி மடிக்கவே இல்லை. மழைத்தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராகத் தளத்துக்குள் இறங்குகிறது.

காண்டிராக்டரிடம் சொன்னோம். வருகிறேன் வருகிறேன் என்றார், இரண்டு முறை வந்து சிலிகான் தடவிவிட்டுப் போனார். இப்போது முழுதாகப் பிரித்துச் செய்ய 1,86,000 ராண்ட் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. அவரோ, நான் 52,000 ராண்ட் கூடுதல் வேலைக்குத் தர வேண்டும், பிடித்தப் பணம் 37,000 ராண்டும் பாக்கி என்கிறார். மூன்று வருடம் ஆனால் வழக்குப் போட முடியாது என்று பள்ளியில் உடன் வேலை செய்கிற ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. உண்மையா? இன்னும் நேரம் இருக்கிறதா?

வெருலம்_வீடு · திங்கள், ஜனவரி 12

அக்கா பயப்படாதீர்கள், கட்டடத்துக்கு ஐந்து வருடம் உத்தரவாதம் உண்டு. நாங்கள் 2024இல் புது வீடு வாங்கியபோது என்.எச்.பி.ஆர்.சி. (வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

மரிட்ஸ்பர்க்_மேசை · திங்கள், ஜனவரி 12

வெருலம் தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இதை நம்பி மலர் அக்கா உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான், அதனால் இப்போதே மறுக்கிறேன்.

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் 14 வருடமாகக் கட்டடத் தகராறு கோப்புகளைப் பார்க்கிறவள். நான் எழுதுவது பொது விவரம், உங்கள் ஆவணங்களை நேரில் பார்த்து ஒரு வழக்கறிஞர் சொல்வதுதான் கணக்கு.

அந்த ஐந்து வருடம் 1998ஆம் ஆண்டின் 95ஆம் எண் சட்டத்தில் வருவது, புதிதாகக் கட்டி விற்கிற வீட்டுக்கானது. அதிலும் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடம் இல்லை. குடியேறிய நாளிலிருந்து சின்னக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு 12 மாதம், அடித்தளம் அல்லது சுவர் அமைப்பே பழுதாகிற பெரிய குறைகளுக்குத்தான் 5 வருடம். உங்கள் வீட்டில் ஒழுகினால் ஐந்து வருடம் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். மலர் அக்கா செய்தது பழைய வீட்டின் மேல் மாடி, அது அந்தச் சட்டத்து உத்தரவாதத்துக்குள் வரவே வராது.

அவருக்கு ஓடுகிற கடிகாரம் 1969ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், பிரிஸ்கிரிப்ஷன் சட்டம் என்பார்கள். சாதாரணக் கடன் எதுவானாலும், ஒப்பந்தம் மீறியதற்கான நஷ்ட ஈடும் இதில் அடங்கும், மூன்று வருடத்தில் காலாவதி. உங்கள் பள்ளிக்காரர் சொன்னது உண்மை. மூன்று வருடம் எந்த நாளிலிருந்து என்பதில்தான் சண்டை வரும். 12ஆம் பிரிவின்படி, கடன்காரர் (அதாவது உங்களுக்குத் தர வேண்டியவர்) யார், என்ன நடந்தது என்ற உண்மைகள் உங்களுக்குத் தெரிந்த நாள், அல்லது ஓரளவு அக்கறை எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள், அதிலிருந்துதான் ஓடும். உண்மை தெரிந்தால் போதும். சட்டப்படி எனக்கு உரிமை உண்டு என்று அப்போது தெரியாது என்றால் நீதிமன்றம் ஏற்காது, 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உங்களுக்காக வாதாடுகிறவர் அக்டோபர் 2023 என்பார், இன்ஜினியர் ஓடுகளைப் பெயர்த்த நாள். எதிராளி பிப்ரவரி 11, 2023 என்பார், கறையைப் பார்த்த அன்றே ஆளை அழைத்துக் காரணம் கண்டிருக்கலாமே என்று. நவம்பர் 2022இலேயே தெரிந்திருக்கும் என்றுகூட ஒருவர் வாதாடிப் பார்க்கலாம், அது நிற்பது கடினம். எதற்கும் பாதுகாப்பாக எண்ணுங்கள். என் மேசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் பிப்ரவரி 10, 2026 என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். இன்னும் 29 நாள்.

டோங்காட்_தம்பி · திங்கள், ஜனவரி 12

அப்படியானால் 29 நாளுக்குள் கோர்ட்டில் தாளைப் போட்டுவிட்டால் சரியா?

மரிட்ஸ்பர்க்_மேசை · திங்கள், ஜனவரி 12

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சம்மன் எடுத்தால் மட்டும் கடிகாரம் நிற்காது. 15ஆம் பிரிவில் சொல்வது, அது எதிராளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதாவது நீதிமன்றத் தாள்களைக் கொண்டு சேர்க்கும் அதிகாரியான ஷெரிப் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். வழக்கறிஞரின் கோரிக்கைக் கடிதம் நிறுத்தாது. இமெயில் நிறுத்தாது. நேரில் போய்ச் சத்தம் போட்டதும் நிறுத்தாது. ஷெரிப் ஒரு தடவை போய் ஆள் இல்லையென்று திரும்பினால், விலாசம் மாறியிருந்தால், நாள் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் 29 நாள் என்பது உண்மையில் பத்துப் பதினைந்து நாள்தான்.

பீனிக்ஸ்_பெரியவர் · செவ்வாய், ஜனவரி 13

மலரம்மா, நான் நாற்பது வருடம் மேஸ்திரியாகவும் காண்டிராக்டராகவும் இருந்தவன், இப்போது ஓய்வு. நீங்கள் சொன்ன வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. டார்ச்-ஆன் ஷீட்டைச் சுவரில் ஒரு சாணுக்குக் குறையாமல் ஏற்றி, பூச்சுக்குள் வெட்டிய காடியில் மடித்துச் செருகி, மேலே அடைக்க வேண்டும். தரையோடு நிறுத்தியவன் அவசரத்தில் செய்திருக்கிறான் அல்லது தெரியாதவனை அனுப்பியிருக்கிறான். இரண்டுமே காண்டிராக்டரின் பொறுப்பு. சிலிகான் தடவினேன் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கே கோபம் வருகிறது, சிலிகான் டர்பன் வெயிலில் எத்தனை மாதம் தாங்கும்?

இன்னொன்று கேட்கிறேன். கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழை நகராட்சியிடமிருந்து வாங்கினீர்களா? 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி நீங்கள் கேட்ட 14 நாளுக்குள், திருப்தியாக இருந்தால், அவர்கள் தர வேண்டும். இல்லாமல் குடியேறுவதே குற்றம். பல பேர் பிளானுக்கு அனுமதி வாங்குவதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிளான் அனுமதியும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் செத்துப்போகும், இதையும் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

மெரிபேங்க்_மலர் · செவ்வாய், ஜனவரி 13

சான்றிதழ் இல்லை ஐயா. அவர் வாங்கித் தருவதாகச் சொன்னார். இதுவும் ஒன்றா என்று இருக்கிறது.

மேசை அக்கா, எனக்கு இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 20 அன்று அவர் எழுதியது: "தளத்தில் எங்கள் ஆள் ஷீட்டைச் சுவரில் ஏற்றாமல் விட்டது எங்கள் தவறு, மழைக்கு முன்னால் சரிசெய்து தருகிறோம்." 2025 மார்ச்சில்: "இது எங்கள் பொறுப்பு இல்லை, பழகிய வீடு என்பதற்காக வந்து பார்க்கிறேன்." இது உதவுமா?

மரிட்ஸ்பர்க்_மேசை · செவ்வாய், ஜனவரி 13

முதல் செய்தி தங்கம். போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து இமெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

14ஆம் பிரிவில், கடன்காரர் தன் பொறுப்பை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ ஒப்புக்கொண்டால் ஓடிய காலம் அழிந்து அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும் என்று இருக்கிறது. ஆகஸ்ட் 2024 செய்தி அப்படி ஒப்புதல் என்று ஏற்கப்பட்டால் உங்களுக்கு 2027 ஆகஸ்ட் வரை கால அவகாசம். ஆனால் இரண்டாவது செய்தியைப் பாருங்கள். பொறுப்பு இல்லை, பழக்கத்துக்காக வருகிறேன் என்பது ஒப்புதல் ஆகாது, நல்லெண்ணம்தான். பலர் வந்து ரிப்பேர் செய்ததையே ஒப்புதல் என்று நினைக்கிறார்கள், செய்தபோது என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது அது.

அப்புறம் முதல் செய்தியிலும் மூன்று இடத்தில் எதிராளி பிடிப்பார். ஒன்று, ஒப்பந்தம் அவருடைய கம்பெனியோடா, அவரோடா? கம்பெனி என்றால் அந்த எண்ணிலிருந்து எழுதியவர் கம்பெனிக்காக ஒப்புக்கொள்ள அதிகாரம் உள்ளவரா? இரண்டு, சரிசெய்து தருகிறேன் என்றது ரிப்பேர் கடமையை ஒப்புக்கொண்டதே தவிர பணம் தரும் பொறுப்பை அல்ல என்பார். மூன்று, அந்தச் செய்தியை அவர் அனுப்பவே இல்லை என்பார். மூன்றுக்கும் பதில் உண்டு, ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் ஏன் போய் நிற்க வேண்டும், பிப்ரவரி 10க்கு முன் சம்மன் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த வாதமே தேவையில்லை. தங்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற நாளை நம்பி நடங்கள்.

உம்லாங்கா_கியூஎஸ் · செவ்வாய், ஜனவரி 13

நான் திருச்சியிலிருந்து வந்து இங்கே ஒன்பது வருடமாக அளவுக் கணக்கு வேலை பார்க்கிறேன். மேசை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மலர் அக்காவின் பணக் கணக்கு.

ஜூலை 29 முதல் நவம்பர் 18 வரை 112 நாள். 600 ராண்ட் வீதம் 67,200 ராண்ட். இது அபராதமாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொகை, நீங்கள் அப்போதே கழித்திருக்கலாம். வெள்ளத்துக்காக அவருக்கு எத்தனை நாள் நீட்டிப்பு நியாயமோ அதைக் கழித்துப் பாக்கியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடன் சாவி கொடுத்த நவம்பர் 2022இலேயே தெரிந்த கடன், மூன்று வருடம் நவம்பர் 2025இல் முடிந்தது. அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கவும், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

இதே இடத்தில் மற்றவர்களுக்கும்: அபராதத் தொகை எழுதிய தாமதத்துக்கு அபராதமும் கேட்டு, அதே தாமதத்துக்கு நஷ்ட ஈடும் கேட்க முடியாது, 1962ஆம் ஆண்டின் அபராதச் சட்டம் தடுக்கிறது. அபராதம் உண்மையான பாதிப்புக்குப் பொருந்தாமல் மிக அதிகமாக இருந்தால் நீதிமன்றம் குறைக்கவும் செய்யலாம். ஒழுகல் வேறு விஷயம், அது தாமதம் அல்ல, அதனால் அந்த நஷ்ட ஈட்டைத் தனியாகக் கேட்கலாம்.

52,000 ராண்ட் கூடுதல் வேலை எதற்கு? எழுதிக் கையெழுத்தானதா?

மெரிபேங்க்_மலர் · செவ்வாய், ஜனவரி 13

மாடிப்படியை நேராக வைக்காமல் வளைத்து வைக்கச் சொன்னோம், அதற்கு. வாயால்தான் பேசினோம். ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும் இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கிறது.

மரிட்ஸ்பர்க்_மேசை · புதன், ஜனவரி 14

அந்த வரியை இங்கே ஷிஃப்ரன் விதி என்பார்கள், 1964ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பிலிருந்து வந்த பெயர். எழுத்தில்தான் மாற்றலாம் என்று எழுதிக்கொண்டால் வாய்ப்பேச்சு செல்லாது. ஆனால் எழுத்து என்றால் பேனா மட்டும் என்று நினைக்காதீர்கள். 2014இல் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இமெயிலின் அடியில் தட்டச்சு செய்த பெயரே கையெழுத்தாகும், அதனால் ஒப்பந்தத்தை அப்படி ரத்து செய்ததும் செல்லும் என்றது. ஆகவே படி பற்றி நீங்கள் இமெயிலில் ஏதாவது சம்மதம் எழுதி பெயர் போட்டிருந்தால் அதையும் தேடிப் பாருங்கள், அவர் நிச்சயம் தேடுவார்.

இன்னொரு எச்சரிக்கை, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒப்புதல் இருபக்கமும் வெட்டும். அவருக்கு நீங்கள் "உங்கள் பாக்கி 37,000ஐ வேலை முடிந்ததும் தருகிறேன்" என்று எங்காவது எழுதியிருந்தால், அது உங்கள் ஒப்புதல், அன்றிலிருந்து அவருக்குப் புதிய மூன்று வருடம். இனிமேல் அவருக்கு எதையும் நேரடியாக எழுதாதீர்கள், கோபத்திலும் வேண்டாம், சமாதானத்திலும் வேண்டாம்.

மெரிபேங்க்_மலர் · புதன், ஜனவரி 14

எழுதியிருக்கிறேன். 2024 செப்டம்பரில், கிட்டத்தட்ட நீங்கள் போட்ட அதே வார்த்தைகளில்.

உம்லாங்கா_கியூஎஸ் · புதன், ஜனவரி 14

பரவாயில்லை அக்கா, 37,000 உங்கள் கையில்தானே இருக்கிறது. 1,86,000லிருந்து அதைக் கழித்துக்கொள்ள வழக்கறிஞர் வழி சொல்வார். அவருடைய பாக்கி காலாவதியாகிவிட்டதா என்று இப்போது சந்தோஷப்பட நினைத்தாலும் நினைக்காதீர்கள், ஒரே ஒப்பந்தத்தில் ஒன்றுக்கொன்று ஈடான கடன்கள் இருந்தால் ஒன்று உயிரோடு இருக்கும்வரை மற்றது காலாவதி ஆகாது என்று 13ஆம் பிரிவில் இருக்கிறது, அது இங்கே பொருந்துமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது.

பெரிய வேலைகளில் இந்த மூன்று வருடமே பெரிய விஷயம் இல்லை, ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிற சின்ன நாள்கள்தான் ஆளைக் கொல்லும். டோங்காட் தம்பி போன மாதம் எனக்குத் தனியாக எழுதினார், அதை அவரே இங்கே சொன்னால் பலருக்கு உதவும்.

டோங்காட்_தம்பி · புதன், ஜனவரி 14

சரி சொல்கிறேன். நான் ஒரு கிடங்கு கட்டுகிறேன், ஜே.பி.சி.சி. என்கிற கட்டடத் தொழிலின் பொது ஒப்பந்தப் படிவம், 6.2ஆம் பதிப்பு. கூரை இரும்பு வரைபடம் ஆர்க்கிடெக்ட்டிடமிருந்து வரவில்லை, டிசம்பர் 1 அன்று வேலை நின்றது. நல்ல ஆர்க்கிடெக்ட், அடிக்கடி பார்க்கிறவர், கேட்கும்போதெல்லாம் நாளை தருகிறேன் என்கிறார். இதற்கெல்லாம் எழுதினால் முகம் சுளிப்பாரோ என்று நான் எழுதவில்லை. ஒரு நல்ல உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்ற எண்ணம்தான்.

உம்லாங்கா_கியூஎஸ் · புதன், ஜனவரி 14

தம்பி, எழுதுவது உறவைக் கெடுப்பது இல்லை. உங்கள் ஆர்க்கிடெக்ட்டும் தன் முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர், நோட்டீஸ் வந்தால் அவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். நோட்டீஸில் யாரையும் திட்ட வேண்டியதில்லை, மூன்று வரி போதும்: எந்த நாள், என்ன தடை, நீட்டிப்புக் கேட்கப் போகிறேன்.

ஜே.பி.சி.சி.யில் தடை தெரிந்த நாளிலிருந்து 20 வேலை நாளுக்குள் முன்னறிவிப்பு. அப்புறம், தாமதம் எவ்வளவு என்று கணக்கிட முடிந்த நாளிலிருந்து 40 வேலை நாளுக்குள் முழுக் கோரிக்கை. வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை, கட்டடத் தொழில் வருடாந்தர விடுமுறை எதுவும் சேராது. உங்களுக்கு இது உயிர் காக்கிற வரி. உங்கள் ஒப்பந்தத்தில் விடுமுறை எந்தத் தேதி?

டோங்காட்_தம்பி · புதன், ஜனவரி 14

டிசம்பர் 12 முதல் ஜனவரி 5 வரை.

உம்லாங்கா_கியூஎஸ் · புதன், ஜனவரி 14

அப்படியானால் டிசம்பர் 2 முதல் 11 வரை எட்டு நாள். ஜனவரி 6இல் ஒன்பதாவது. இன்று பதினைந்தாவது நாள். ஜனவரி 21 புதன்கிழமை இருபதாவது நாள். இன்றே எழுதுங்கள், கடைசி நாளை வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம்.

வரைபடம் தாமதமானது போல முதலாளி தரப்புக் காரணத்துக்கு நாளும் கிடைக்கும், செலவும் கிடைக்கும். மழை போன்றதற்கு நாள் மட்டும், செலவு இல்லை. இந்த வித்தியாசத்தை நோட்டீஸில் மறைக்காமல் சரியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

வேறு பொது ஒப்பந்தப் படிவங்களில் வேறு எண்கள். ஃபிடிக்கில் 28 நாள், அது காலண்டர் நாள், சனி ஞாயிறு பார்க்காது. 2017 பதிப்பில் விவரமான கோரிக்கைக்கு 84 நாள். என்.ஈ.சி.3இல் காண்டிராக்டர் எட்டு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இவை தவறினால் உரிமை போய்விடும் என்றே ஒப்பந்தம் சொல்கிறது, நீதிமன்றமும் அதைச் சுலபமாகத் தள்ளாது. 2007இல் பார்க்ஹைசன் வழக்கில், காப்பீட்டு ஒப்பந்தத்தில் எழுதிய 90 நாள் கெடுவை அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்றது, வழக்குப் போட்டவர் இரண்டு வருடம் கழித்து வந்திருந்தார். சட்டம் தரும் மூன்று வருடம் அவருக்கு உதவவில்லை.

லெனேசியா_22 · புதன், ஜனவரி 14

ஒரு கேள்வி. எங்கள் தெருவில் நகராட்சி மழைநீர்க் குழாய் உடைந்து என் புதுச் சுவர் விழுந்துவிட்டது, போன ஆகஸ்டில். அதற்கும் மூன்று வருடமா?

மரிட்ஸ்பர்க்_மேசை · புதன், ஜனவரி 14

அரசு அமைப்பிடம் நஷ்ட ஈடு கேட்க 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்து நோட்டீஸ் போக வேண்டும். உங்களுக்கு அடுத்த மாதம் ஆறு மாதம் முடிகிறது. இந்த இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்று மாலையே எழுதுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, எவ்வளவு, உங்களிடம் இருக்கிற போட்டோ. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் சம்மன் கொடுக்க முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெருலம்_வீடு · வியாழன், ஜனவரி 15

நேற்றிலிருந்து என் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் ஐந்து வருடம் என்று அவசரப்பட்டு எழுதியதற்கு மலர் அக்காவிடம் மன்னிப்பு. எங்கள் குளியலறைக் கதவு நிலை விரிந்திருப்பதற்கு மூன்று மாதம் போய்விட்டது, கூரைக்குப் பன்னிரண்டு மாதமும் போய்விட்டது. காண்டிராக்டர் என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிந்தவரா என்பதையாவது பார்க்க வேண்டும்.

மரிட்ஸ்பர்க்_மேசை · வியாழன், ஜனவரி 15

பாருங்கள், பதிவு பெரிய விஷயம். வீடு கட்டத் தொடங்குவதற்கு 15 நாள் முன்னாலேயே வீட்டையும் பதிய வேண்டும். கூல் ஐடியாஸ் வழக்கில் 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம், பதியாத கட்டுநருக்குப் பணம் தர மத்தியஸ்தர் தீர்ப்புக் கொடுத்திருந்தும் அதை அமல்படுத்த மறுத்தது, வேலையைச் செய்த துணைக் காண்டிராக்டர் பதிந்திருந்தும் கட்டுநர் பெயரில் பதிவு இல்லை என்பதால். அதனால் பதிவு இல்லாதவர் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்கும் முன் கேளுங்கள்.

உத்தரவாதக் காலம் முடிந்தாலும் ஒப்பந்தப்படி உங்களுக்கு உள்ள உரிமை அதோடு முடிவதில்லை, அதற்கு அந்த மூன்று வருடக் கணக்கு தனியாக ஓடும்.

பீனிக்ஸ்_பெரியவர் · வியாழன், ஜனவரி 15

நானும் காண்டிராக்டராக இருந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும், மலரம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்காரர் கடைசிப் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதும் நடக்கிறது. எனக்கு 1990களில் ஒரு முழு மாடி வேலைக்குப் பாதிப் பணமே வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு நின்றேன், கட்டடம் கையில் இருக்கும்வரை பணத்துக்காக அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது, சாவியைக் கொடுத்த கணமே அது போய்விட்டது. வீட்டுக்காரர் பாங்க் கடன் வாங்கும்போது அந்த உரிமையை விட்டுத்தரக் காண்டிராக்டரிடம் கையெழுத்துக் கேட்பார்கள், அதையும் படிக்காமலே போட்டிருந்தேன்.

தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பிள்ளைகளை நான் அறிவேன். மழை நாளைக்கூட யாரும் எழுதி வைப்பதில்லை. என் மகன் இப்போது தினமும் வேலை இடத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து, எத்தனை ஆள், மழையா வெயிலா என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான்.

மெரிபேங்க்_மலர் · வெள்ளி, ஜனவரி 16

வழக்கறிஞரைப் பார்த்தோம். 1,86,000 என்பதால் மாவட்ட மாஜிஸ்டிரேட் கோர்ட், அங்கே 2,00,000 ராண்ட் வரை போகலாம். 20,000க்குள் இருந்தால் சிறு உரிமை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பேசலாம் என்றும் சொன்னார், நமக்கு அது இல்லை.

முக்கியமான ஒன்று: கம்பெனிப் பதிவேட்டில் பார்த்தால் அவருடைய பதிவு விலாசம் போன ஜூனில் மாறியிருக்கிறது, சாட்ஸ்வொர்த்தில் இருந்த கடையை விட்டுவிட்டு உம்லாங்காவில் ஒரு கணக்கர் அலுவலகம். பழைய விலாசத்தைத்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். திங்களன்று சம்மன் எடுக்கிறோம்.

டோங்காட்_தம்பி · வெள்ளி, ஜனவரி 16

நேற்று, பதினாறாவது நாளில், நோட்டீஸ் அனுப்பினேன். ஆர்க்கிடெக்ட் அரை மணி நேரத்தில் போன் செய்தார். முகம் சுளிக்கவில்லை, வரைபடம் வியாழனுக்குள் தருகிறேன், நோட்டீஸ் கிடைத்தது என்று ஒரு வரி இமெயிலிலும் போட்டுவிட்டார். அண்ணா, அந்த வரியைச் சேமித்து வைத்துவிட்டேன்.

மெரிபேங்க்_மலர் · செவ்வாய், பிப்ரவரி 3

ஷெரிப் முதலில் போனது ஜனவரி 26. வரவேற்பில் இருந்த பெண் நாங்கள் வெறும் கணக்கர்கள், வாங்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். வழக்கறிஞர் பதிவேட்டுத் தாளின் நகலை இணைத்து மறுபடி அனுப்பினார். ஜனவரி 29 வியாழன், காலை 10:40க்குக் கொடுத்ததாக ஷெரிப்பின் சேவை அறிக்கை இன்று வந்தது. என் கணவர் அதைப் பிரிண்ட் எடுத்து சாமி அறைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

நேற்று இரவு நல்ல மழை. கறைக்கு அடியில் வைத்த வாளி காலையில் பாதி நிறைந்திருந்தது, தேதி தெரியும்படி அன்றைய செய்தித்தாளை வாளிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டேன்.